ஏணிக்கு ஒரு கூலி, பழத்துக்கு ஒரு கூலி

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். இடுப்பில் பையைக் கட்டிய பெண்கள் சரிவில் நின்று, பச்சைக்காயை விட்டுவிட்டுச் சிவந்த பழத்தை மட்டும் விரல்நுனியால் கிள்ளுகிறார்கள். ஒரே கொத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண் தப்பினால் காப்பியின் ருசியே கெடும்.

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பதும், நிழல்மரக் கிளை வெட்டுவதும் ஆண் வேலை. பல இடங்களில் அதற்குக் கூலியும் கூடுதல்.

ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது 1976-ம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம். வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? ஏறுவது திறமை, பார்த்துப் பறிப்பது பொம்பளை வேலை என்று யார் முடிவு செய்தது?

கூலிக்காகப் பெண்களே எழுந்ததும் உண்டு. 2015-ல் கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அன்றைய நாள்கூலி 232 ரூபாய், கேட்டது 500. கிடைத்தது 301.