சாந்து பூசாத கல் குடில்கள்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில் இருக்கிறது டிங்கிள் தீபகற்பம். ஒரு பக்கம் ஈகிள் மலை, மறுபக்கம் அட்லாண்டிக் கடல், இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் குறுகலான சாலை. ஃபாஹன் என்ற இடத்தில், சாலையோரம் ஒரு விவசாயியின் தோட்டத்துக் கதவு. அங்கே சில யூரோவைக் கொடுத்துவிட்டு, ஆடுகள் மேயும் சரிவில் ஏற வேண்டும்.

மேலே வட்ட வட்டமாகக் கல் குடில்கள். உள்ளூர் மொழியில் 'க்ளோஹான்'. ஆங்கிலத்தில் தேன்கூட்டுக் குடில் என்கிறார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு நெல் கொட்டும் குதிரைக் கல்லால் கட்டியது போலத்தான் தெரியும். 1899-ல் மக்காலிஸ்டர் என்ற தொல்லியல் அறிஞர் இந்தப் பகுதியில் 400-க்கும் மேற்பட்ட குடில்களைப் பதிவு செய்திருக்கிறார். இன்று பல வெறும் கற்குவியல்கள்.

சுண்ணாம்பு கிடையாது, மண் சாந்தும் கிடையாது. காற்று ஓயாத அந்தக் கரையில் மரம் அரிது. நிலத்தைக் கொத்தினால் கல்லுக்குப் பஞ்சமில்லை. கீழே வட்டமாக ஒரு வரிசைக் கல். அடுத்த வரிசையைக் கொஞ்சம் உள்பக்கம் நீட்டி வைப்பார்கள். மேலே போகப் போக வட்டம் குறுகி, கடைசியில் ஒரு பலகைக்கல்லால் மூடிவிடலாம். ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே வடிந்துவிடும். கல்லின் பின்பகுதியில் பாரம் அழுத்துவதாலும், பக்கத்துக் கற்கள் நெருக்கிப் பிடிப்பதாலும் உள்ளே சரிவதில்லை. சில சுவர்களின் தடிமன் ஒரு மீட்டருக்கும் மேல்.

வயதைச் சொல்வதுதான் கஷ்டம். சில குடில்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆனால் இதே முறையில் ஆட்டுக்குட்டிகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் சென்ற நூற்றாண்டு வரைகூடக் கட்டியிருக்கிறார்கள். தாத்தா கட்டியதா, துறவி கட்டியதா என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கடலுக்குள் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவில், துறவிகள் வாழ்ந்த இதே மாதிரிக் குடில்கள் இன்னும் கூரையோடு நிற்கின்றன.

உச்சிக்கல் விழுந்தாலும் கீழ் வட்டங்கள் அப்படியே நிற்கும். இடையில் ஒரு கல்லை உருவினால்தான் ஆபத்து. வேலிச்சுவர் கட்ட உருவினார்கள். படம் எடுக்க மேலே ஏறுகிறவர்கள் இப்போது அசைத்துவிடுகிறார்கள். புதர் முளைத்து வேர் நுழைந்தாலும் அதே கதிதான். அதனால் இங்கே ஆடுதான் முதல் காவல்காரன். மேய்ச்சல் நின்றால் புதர் ஏறிவிடும். பதிவான சின்னம் என்பதால், நிலம் தன்னுடையதே ஆனாலும் விவசாயி இஷ்டத்துக்குக் கல்லை நகர்த்த முடியாது. சரிவு நிலத்தில் ஆடு வளர்ப்பு பெரிய வருமானம் தராது. வாசலில் வாங்கும் அந்தச் சில யூரோ கைச்செலவுக்கு உதவுகிறது.

சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை, 2024-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அயர்லாந்தின் பெயரோடும் சேர்த்தார்கள். ஃபாஹன் சரிவில், கூரை போன ஒரு குடிலுக்குள் கடல் காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன.