புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

மாடு மேய்ப்பதும் ஒரு வித்தையா என்று நீங்கள் கேட்கலாம், வாசகர்களே. நானும் அப்படி நினைத்தவன்தான். பத்து வயதில் நான்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனாலும் மேய்ப்பது என்றால் என்னவென்று நாற்பதை நெருங்கும்போதுதான், அதுவும் குளிரில் பல் கிட்டிப்போகும் ஓர் அயல்நாட்டில்தான், தெரிந்துகொண்டேன்.

2019 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் நியூசிலாந்துக்குப் போயிருந்தேன். என் சின்னம்மா மகன் அங்கே வைகாத்தோ வட்டாரத்தில், ஹாமில்டன் நகருக்கு அருகே ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறான். நமக்கு வெயில் கொளுத்துகிற ஆகஸ்டு, அவர்களுக்குக் குளிர்காலத்தின் கடைசி. விடியற்காலையில் வெளியே வந்தால் புல்வெளி முழுதும் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் உறைபனி. அந்தக் குளிரிலும் மாடுகள் வெட்டவெளியில்தான் நிற்கின்றன. கொட்டகை கிடையாது. முந்நூறு பசுக்கள், நூறு ஹெக்டர் புல். தினம் நாலைந்து கன்று பிறந்துகொண்டிருந்தது.

முதல் நாள் காலையில் தம்பி ஒரு கம்பிச் சுருளையும் ஒரு கட்டு மெல்லிய கம்பங்களையும் தூக்கிக்கொண்டு நடந்தான். நானும் கூடவே போனேன். பெரிய புல்வெளியின் குறுக்கே கம்பங்களை ஊன்றி, கம்பியை இழுத்து, மின்சாரத்தைத் தொடுத்தான். பத்து நிமிடத்தில் வேலி முடிந்தது. நியூசிலாந்தில் இந்த மின்வேலி பரவக் காரணமாக இருந்தவர் ஹாமில்டன்காரரான பில் கல்லாகர். 1930-களில் தன் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்த ஒரு குதிரையை விரட்ட அவர் செய்த ஏற்பாட்டில் தொடங்கியது இது என்று சொல்வார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் மாடுகளை விட்டதும் அரைநாளில் புல்லை நாலு விரல் உயரத்துக்கு மேய்ந்துவிட்டன. பிறகு கம்பி ஓரமாக வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் மட்டும் பச்சைப் புல்! எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"கம்பியை எடுத்து விடேன்டா, பாவம். இவ்வளவு புல் இருக்குதே" என்றேன்.

"அண்ணே, இதுகளை நம்பிக் கம்பியை எடுத்தா, செப்டம்பர்ல நான்தான் கத்தணும்" என்றான் அவன்.

மாலையில் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணையைக் காட்டினான். நானும் கால அட்டவணை போட்டு வயிறு வளர்க்கிறவன்தான். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஜூலையில் கன்று போடத் தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒன்றேகால் ஹெக்டர் புல்தான். அந்தக் கணக்கில் பண்ணையை ஒரு சுற்றுச் சுற்றிவர எண்பது நாள் ஆகும். ஆகஸ்டு நடுவில் நாளுக்கு இரண்டு ஹெக்டர். செப்டம்பர் கடைசியில் நான்கு ஹெக்டருக்கு மேல், அதாவது இருபது சொச்சம் நாளில் ஒரு சுற்று.

ஏன் இப்படி? அங்கே மேய்ச்சலுக்கு விடுவது பெரும்பாலும் ரைகிராஸ் என்ற புல்லும் வெண் குளோவரும். ரைகிராஸின் ஒரு தண்டில் ஒரே நேரத்தில் மூன்று இலைதான் உயிரோடிருக்கும். நான்காவது துளிர்த்தால் முதல் இலை காய்ந்துவிடும். இரண்டாவது இலைக்கும் மூன்றாவது இலைக்கும் நடுவில் மேய்ந்தால் புல்லுக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது. குளிரில் ஓர் இலை விரிய ஒரு மாதம்கூட ஆகும். மண் சூடேறிவிட்டால் பத்து நாளுக்குள் விரியும். சிக்கல் என்னவென்றால், பசு கன்று போட்டுப் பால் கறக்கும் காலத்தில்தான் அதற்குத் தீனி அதிகம் வேண்டும். புல்லோ அப்போது தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறது. புல் வளர்வதும் பசு தின்பதும் சரிக்குச் சரியாக வருவது செப்டம்பர் பிற்பாதியில்தான். அதுவரைக்கும் கையிருப்புப் புல்லைச் சம்பள நாளுக்கு முந்தின வாரம் நம் வீட்டுப் பெண்கள் அரிசியை அளப்பதுபோல் அளந்து போட வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டால் அது வேறு கவலை. மாடுகள் ஈரமண்ணைச் சேறாக மிதித்துவிட்டால் புல் எழும்பப் பல வாரங்கள் ஆகும். அதனால் சில மணி நேரம் மேயவிட்டுக் கற்பாவிய முற்றத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். இளம்புல்லில் மக்னீசியச் சத்துக் குறைவு என்று, காலையில் புல்மேல் திருநீறு தூவுகிறாற்போல் ஒரு வெள்ளைத் தூளைத் தூவினான் தம்பி. இல்லாவிட்டால் கன்று போட்ட பசு நடுங்கி விழுந்துவிடுமாம்.

மூன்றாம் நாள், ஏற்கெனவே மேய்ந்துவிட்ட ஒரு பகுதியில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தண்டிலும் ஒரு சின்ன முனை வெளியே வந்திருந்தது. "இப்பத்தான் அண்ணே கவனமா இருக்கணும். அடித்தண்டுல சேர்த்து வச்சதைச் செலவழிச்சு இந்தத் துளிரை விடுது. இதை மாடு கடிச்சுட்டா மறுபடி செலவு. நாலு தடவை கடிச்சா வேரும் செத்துப்போகும்" என்றான். பிரான்சில், நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசேன் என்பவரும் 1957-இல் தாம் எழுதிய நூலில் இதைத்தான் சொல்லியிருக்கிறார். புல் அழிவது மாடுகள் அதிகமாக இருப்பதால் அல்ல, ஒரே இடத்தில் அதிக நாள் இருப்பதால்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். குளிரினால் அல்ல.

1989-இல் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா காலையில் பால் வெட்டப் போவார். மாலையில் எங்கள் மாடுகளின் பாலை லயத்துக்கு லயம் கொடுத்து வருவார். அந்தக் காசில்தான் அக்கா பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறினாள். பள்ளி விட்டு வந்ததும் மாடுகளை ஆற்றோரத்துக்கு ஓட்டிப்போவது என் வேலை. ஆற்றோரம் அரை மைல். கோயில் திடலிலோ பையன்கள் பந்து ஆடுவார்கள். நான் மாடுகளைத் திடலின் பின்பக்கத்திலேயே விட்டுவிடுவேன். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மாதக்கணக்கில். முதலில் புல் இருந்தது. பிறகு கட்டையாயிற்று. பிறகு செம்மண்தான். பால் குறைந்தது. அம்மா மாட்டுக்குக் கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப்போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் அந்தி நேரத்தில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு புதுச் செம்பனைக் காட்டுக்குள் போய், முப்பது கன்றுகளுக்கு மேல் குருத்தைக் கடித்துவிட்டது. மறுநாள் பெரட்டிலேயே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: மூன்று நாளில் மாடுகள் தோட்டத்தில் இருக்கக்கூடாது. நான்கையும் வந்த விலைக்குத் தள்ளினோம். அந்த ஆண்டுக் கடைசியில் எஸ்.ஆர்.பி. சோதனை எழுதிவிட்டு அக்கா படிப்பை நிறுத்தி மின்னியல் தொழிற்சாலைக்குப் போனாள். நான் தொடர்ந்து படித்தேன், ஆசிரியன் ஆனேன். "அந்தத் திருட்டு மாட்டாலே வந்த வினை" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், முப்பது ஆண்டுகள்.

இன்று நம் நாட்டிலேயே சில செம்பனைத் தோட்டங்களில் மின்வேலி போட்டு, வளர்ந்த மரங்களின் நிரைகளுக்கு நடுவே மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். களைக்கு மருந்தடிக்கும் செலவு குறைகிறதாம். அதைக் கடந்து போகும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் திடலையும் சொன்னேன். அம்மா நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "அங்க ஒரு மாடு எவ்வளவு கறக்கும்?" என்றார். இருபது லிட்டர் என்றேன். நம்பவில்லை. "செவலை அஞ்சு லிட்டர் கறந்துச்சு. கடைசியில ஒண்ணரைக்கு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அதற்குப்பின் திருட்டு மாடு என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்த இதழை ஒன்று விடாமல் வாங்கிப் படிக்கிறவள்.