ஃபேனுக்கு நிற்கவும் தெரியணும்!

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் வெயில் அடித்தால் ஊரே சாலைக்கு வந்துவிடும். வார்விக் கோட்டையைப் பார்த்துவிட்டு கவன்ட்ரிக்குத் திரும்பும் ஏ46 சாலையில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. அந்த வரிசையில் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய கார். 1978-ம் வருடத்து ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை ஒட்டிப் போகும் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டீயரிங்கில் நாற்பத்திரண்டு வயது மகள். பக்கத்தில், திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் எழுபத்து நான்கு வயது அப்பா.

டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, சிவப்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஹீட்டரைப் போடு பாப்பா."

"என்னப்பா விளையாடறீங்களா? ஏற்கெனவே வேர்த்துக் கொட்டுது."

"போடு. ஃபுல்லா வை."

போட்டாள். காலடியில் அனல் வீசியது. ஆனால், முள் நின்றது. கொஞ்சம் இறங்கவும் செய்தது. கார் ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டைத்தான் அது நம் காலில் கொண்டுவந்து கொட்டுகிறது. பேருந்து டெப்போவில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவருக்கு அது பாலபாடம்.

ஒருவழியாக ஓரம் கட்டினார்கள். மகள் முன்பக்கத்தைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையில், முழங்கை வரைக்கும் ஒரு பழைய தழும்பு. அவருடைய இருபத்தாறாவது வயதில், சூடாக இருந்த பேருந்து ரேடியேட்டரைத் திறந்தபோது கிடைத்தது. "அரை மணி நேரம் ஆகட்டும்" என்றார். அந்த மூன்று மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் அழைத்து வந்திருந்தாள். 'சாப்பிட்டியா', 'மாத்திரை போட்டாச்சு' என்ற இரண்டு வாக்கியத்துக்கு மேல் அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. மகளுக்கோ ஐ.டி வேலை. ராத்திரி பதினொரு மணிக்கும் லேப்டாப் மூடாது.

அன்றிரவு மகள் போனை எடுத்து எலக்ட்ரிக் ஃபேன் தேட ஆரம்பித்தாள். இதுவும் சரிப்படவில்லை என்றால் காரை விற்றுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

"இருக்கிறதிலேயே பெரிய ஃபேனா போட்டுடலாம்ப்பா. ரெட்டை ஃபேன் வருது."

"எலக்ட்ரிக் ஃபேன் வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"வேண்டாம்னா வேண்டாம். அவ்ளோதான்" என்று படுக்கப் போய்விட்டார்.

காலையில் மகள் எழுந்து வந்தபோது, அப்பா வாசலில் காரின் முன்பக்கத்தைத் திறந்துபோட்டு, முன் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பிட்ஃபயரின் அழகே அதுதான். பானெட்டும் மட்கார்டும் சேர்ந்த மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

"நம்ம ஹெரால்டு மாதிரியே திறக்குது" என்றார்.

அப்படித்தான் திறக்கும். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், கவன்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்பிட்ஃபயரும் ஒரே வம்சம். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியரான ஜியோவான்னி மிச்செலோட்டி. அப்பாவிடமும் ஒரு ஹெரால்டு இருந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். மகளின் இன்ஜினீயரிங் கல்லூரி ஃபீஸுக்காக அதை விற்றார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. இந்த சிவப்புக் காரை ஏன் வாங்கினாள் என்று மகளும் சொன்னதில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லு. எப்போ சூடாகுது? நிக்கும்போதா, ஓடும்போதா?"

மகள் யோசித்தாள். "நிக்கும்போது ரொம்ப. மோட்டார்வேல வேகமா போகும்போதுகூட பாதிக்கு மேலயே நிக்குது."

"அப்ப ஃபேன் மட்டும் கோளாறு இல்ல."

விஷயம் எளிதானது. கார் ஓரளவு வேகம் எடுத்துவிட்டால், எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் போதுமான அளவு புகுந்துவிடும். ஃபேனுக்கு அப்போது பெரிதாக வேலை இல்லை. கார் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். பழைய கார்களில் ஃபேனைச் சுற்றுவது இன்ஜின்தான். டிராஃபிக்கில் இன்ஜின் மெதுவாக ஓடுவதால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். அதாவது, அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாக வேலை செய்யும். எலக்ட்ரிக் ஃபேனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்ஜின் எப்படி ஓடினாலும் அது தன் முழு வேகத்தில் சுற்றும். ஆக, நிற்கும்போது மட்டும் சூடானால் ஃபேனைப் பார்க்கலாம். ஓடும்போதும் சூடானால் வியாதி வேறு இடத்தில். அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய ஃபேன் மாட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் ஈரத்துணி போடுவது மாதிரி.

இன்ஜினைச் சூடேற்றி அணைத்தார்கள். பழைய ஃபேன் நின்ற பிறகு, அப்பா ரேடியேட்டரின் முகத்தில் விரல்களை மெதுவாக ஓட்டினார். மேலே கொதிப்பு. நடுவில் சூடு. கீழ்ப் பக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் சில்லிப்பு. "இங்க தண்ணி ஓடல. அடைச்சிருக்கு" என்றார்.

இன்னொன்றையும் அவர் கண் பிடித்தது. ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் திருகாணி ஓட்டைகள். ஆனால், எதுவும் மாட்டப்படவில்லை. "ஓட்டை சும்மா போடமாட்டான் பாப்பா. இங்க ஏதோ இருந்திருக்கணும்."

இருந்தது. கெட்டி அட்டையால் ஆன இரண்டு தடுப்புகள். முன்பக்கம் புகும் காற்று பக்கவாட்டில் தப்பிவிடாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போக, கார் செய்தவர்கள் வைத்தது. பல பழைய ஸ்பிட்ஃபயர்களில் இது மட்கிப் போயிருக்கும். யாரும் திரும்ப மாட்டுவதில்லை. காற்றுக்குச் சோம்பேறித்தனம் அதிகம். பக்கத்தில் சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையவே நுழையாது.

அன்று மாலையே ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, அளவு பார்த்து, தற்காலிகத் தடுப்பு தயாரானது. ரேடியேட்டர் ஒரு கடைக்குப் போய், உள்கூடு மாற்றப்பட்டு ஒரு வாரத்தில் திரும்பியது. மோட்டார்வேயில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் பாதியில் அசையாமல் நின்றது. ஆனால், சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றதும் மறுபடி ஏறியது.

"இப்பதான்ப்பா ஃபேன் கோளாறு" என்றாள் மகள்.

அப்பா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "துவரங்குறிச்சிகிட்ட நம்ம ஹெரால்டுல புகை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. அப்போது அவளுக்குப் பத்து வயது. ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று கறுப்புப் புகை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பழைய மாருதி காரிலிருந்து கழற்றி வாங்கிய ஃபேன், அதன் மோட்டாரில் கோளாறு என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு முறையும் காரில் ஏறியதும், டேஷ்போர்டுக்கு அடியில் கை வைத்து, சுடுகிறதா என்று பார்ப்பாள். கடைசி வரை எந்தக் காரில் ஏறினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"ஃபேன் மேல தப்பில்ல. ஃபியூஸ் போடல. ரிலே போடல. மெல்லிசு ஒயரை சாவி சுவிட்சுலருந்து நேரா இழுத்துட்டேன். அரை நாள் வேலை பாக்கி. 'எல்லாம் சரியா மாட்டிட்டீங்களா'ன்னு உங்கம்மா கேட்டா. ஆச்சுன்னு சொன்னேன். கல்யாணத்துக்கு நேரமாச்சேன்னு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அலுவலக வேலைக்கு இல்லை. "வாங்கப்பா, கணக்குப் போடுவோம்."

முதல் கணக்கு, கரன்ட். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் கொடுப்பது சுமார் 35 ஆம்பியர். அதுவும் இன்ஜின் நன்றாக ஓடும்போது. ஹெட்லைட்டுக்கு 10. மற்ற விளக்குகள், இக்னிஷன், வைப்பர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 14. மழை ராத்திரியில் மிச்சம் இருப்பது 11 ஆம்பியர்தான். மகள் முதலில் பார்த்த ரெட்டை ஃபேன் 20-க்கு மேல் கேட்டது. மாட்டியிருந்தால் சூடு தணிந்திருக்கும், பேட்டரி படுத்திருக்கும். 8, 9 ஆம்பியரில் ஓடும் ஒற்றை ஃபேன் போதும் என்று முடிவானது.

இரண்டாவது, இடம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் ஃபேன்தான் பொதுவாக நல்லது. ஆனால், இந்த காரில் பின்னால் இன்ஜின் இடிக்கிறது. முன்னால் தாராளமாக இடம் இருக்கிறது. எனவே, முன்னால் நின்று தள்ளும் ஃபேன். இழுக்கும் ஃபேனை வாங்கி, ஒயரை மாற்றிக் கொடுத்துத் தள்ளவும் வைக்கலாமே என்று மகள் கேட்டாள். சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கமாக இருப்பதால் காற்று குறையும் என்றார் அப்பா. டேப் வைத்து அளந்ததில் 11 அங்குல ஃபேன் கச்சிதமாக உட்கார இடம் இருந்தது.

மூன்றாவது, எப்போது ஓட வேண்டும்? இன்ஜினுக்குள் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது. ஃபேன் சுவிட்ச் அதைவிடக் குறைவான சூட்டிலேயே போட்டால், ஃபேனுக்கு ஓய்வே கிடைக்காது. 92-ல் ஓடி, 87-ல் நிற்கிற சுவிட்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாட்டியது அப்பாதான். கூடவே வந்த பிளாஸ்டிக் நாடாவை ரேடியேட்டருக்குள் கோத்து இறுக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதிர்வில் உரசி உரசி ஓட்டை போட்டுவிடும் என்று, இரும்புப் பட்டை வெட்டி பாடியோடு திருகினார். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். அங்கிருந்து தடித்த ஒயர், ரிலே வழியாக ஃபேனுக்கு. சூட்டை அறியும் சின்ன சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. பெரிய கரன்ட் டேஷ்போர்டு பக்கமே வராது. ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார். அரை நாள் வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். கழற்றிய பழைய ஃபேனைத் துடைத்து டிக்கியில் வைத்தார். "ஒரு மாசம் இருக்கட்டும்."

வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். முள் பாதியைத் தாண்டியது. மகளுக்கு மூச்சு நின்றது. 'டிக்' என்று ரிலே சத்தம். உடனே 'விர்ர்ர்' என்று ஃபேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் போல ஓடி, ஃபேன் தானாக நின்றது. அப்போதுதான் அவர் சிரித்தார்.

"ஓடறது பெருசில்ல பாப்பா. நின்னுச்சு பாரு, அதான் விஷயம். நிக்காம ஓடுற ஃபேனு வண்டிக்கு ஏதோ சரியில்லைன்னு சொல்லுது." பிறகு அவள் கையிலிருந்த போனைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார். "மனுசனுக்கும்தான்."

அன்றிரவு ஒன்பது மணிக்கு லேப்டாப் மூடியது.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே வார்விக், அதே ஏ46, அதே நெரிசல். முள் மெதுவாக ஏறியது. "அந்த ஹெரால்டு மாதிரி திறக்குதுன்னுதான்ப்பா இதை வாங்கினேன்" என்று மகள் சொன்னாள். அப்பா தெரியும் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

'டிக்.' ஃபேன் ஓட ஆரம்பித்தது.

அவர் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தார். அம்மா வைப்பாளே, அதே மாதிரி. சுடவில்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.