தெற்கே பார்த்த ஆன்டெனா

காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மாடிவீடு. ஜி.ஐ. பைப் இன்னும் நிற்கிறது. உச்சியில் ஆன்டெனா, மிச்சம் மூன்று குச்சி. பைப்பில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள்.

குச்சிகள் தெற்கே பார்க்கின்றன. சென்னை வடக்கே.

தெற்கே என்றால் இலங்கை டிவி, ரூபவாகினி. 1982 பிப்ரவரியில் தொடங்கியது. தூர்தர்ஷன் இந்தப் பக்கம் ஒழுங்காக வருவதற்கு முன்பே இலங்கை விளம்பரங்கள் மனப்பாடம்.

சிங்களச் செய்தி. புரியாது. யாரும் எழுந்து போனதில்லை.

ரூபவாகினி வந்த பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். இங்கிருந்து ஏறக்குறைய 450 கி.மீ. அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும் அலை சாதாரணமாக 200 கி.மீ. சொச்சம்தான் வரும்.

மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. நீர்மேல் குளிர்ந்த ஈரக்காற்று, அதற்கு மேலே சூடான காற்று. நடுவில் மாட்டிய அலை கடலை ஒட்டியே வளைந்து வரும். கோடை சாயங்காலம் படம் பளிச். மழைக்காலத்தில் புள்ளி.

ஆன்டெனா நாமே செய்யக் கணக்கு: 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகு. அரை அலை, மீட்டரில். ஐந்து சதம் கழி. காரைக்கால் பண்பலை 100.3. அதற்கு, பாதியாக்கினால், ஒரு கை 71 செ.மீ. இரண்டு கை, நடுவில் ஒயர். இதுதான் டைபோல். முடிந்தது.

காரைக்கால் எஃப்.எம்.முக்கு இங்கே ஆன்டெனாவே வேண்டாம். துண்டுக் கம்பி போதும். ஆனாலும் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்.

பழைய பட்டை ஒயர் 300 ஓம். மடித்த டைபோலும் 300. இப்போதைய கேபிள் டிவி ஒயர் 75, மடிக்காத டைபோல் 73. கடைக்காரரிடம் ஓம் சொன்னால் முழிப்பார். 'டிவி ஒயர்' என்று கேட்கணும்.

ஆன்டெனாவைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க, டிவி பார்க்க விற்ற யூ.எஸ்.பி. டாங்கிள். அதை வைத்துப் பலவகை ரேடியோவையும் கேட்கலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். செய்த கம்பெனிக்கு அந்த யோசனையே இல்லை.

வானிலை செயற்கைக்கோளுக்கு V ஆன்டெனா. கை 53 செ.மீ., கோணம் 120 டிகிரி. விளக்குமாற்றுக் கட்டையில் கட்டினாலும் வேலை செய்யும். வடக்கு தெற்காக வைக்கணும். மேகம் வரி வரியாக இறங்கும்.

கஜா புயல், 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. காரைக்காலில் அரசாங்க ரேடார் இருக்கிறது. மாடியில் மூங்கிலில் கட்டிய V ஆன்டெனாவும் இருக்கிறது.

அந்த வானிலை செயற்கைக்கோள்கள் என்.ஓ.ஏ.ஏ. 15, 18, 19. மூன்றையும் 2025-இல் அணைத்துவிட்டார்கள். ரஷ்யாவின் மெட்யோர் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பழைய கம்பியை வெட்ட வேண்டியதில்லை.

கேட்பதோடு நிற்காமல் பேசணும் என்றால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசன்ஸ். பரீட்சை உண்டு.

2004 டிசம்பர் 26. சுனாமியில் இங்கே கடல் ஏறிய அதே காலை. போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தும் கூட்டாளிகளும் ஹாம் செட்டோடு ஓட்டலில் தங்கியிருந்தார்கள். பொழுதுபோக்காகப் போனவர்கள். ஃபோன் செத்தது. செட் பேசியது.

உப்புக்காற்றில் ஆன்டெனாவின் அலுமினியம் தாங்கும். நட்டு தாங்காது. ஸ்டெயின்லெஸ் நட்டு என்று கேட்டு வாங்கணும். விலை ஜாஸ்தி.

செம்புக் கம்பியை அலுமினியத்தில் நேரே முறுக்கக் கூடாது. சேருமிடம் அரித்துவிடும். நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர், மேலே கிரீஸ். சைக்கிள் கடை கிரீஸே போதும்.