ரிக்பியும் கிட்டியும்

புலிவேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டைப் படித்தவர்களுக்கு அவருடைய துப்பாக்கிகள் மேல் ஒரு மயக்கம் இருக்கும். எனக்கும் உண்டு. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி. குமாயுன் மலைச்சரிவில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க இலேசானது. புலி நெருக்கத்தில் பாயும் என்றால் கனமான .450/400 இரட்டைக்குழல். எதற்கு எது என்று தெரிந்த மனுஷன்.

1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டையெல்லாம் முடிந்தது. நல்லதுதான்.

எங்கள் திருவிடைமருதூர்ப் பக்கம் வேட்டை என்றால் வயலெலி. ஆயுதம், கிட்டி. மூங்கில் வில், இழுத்துக் கட்டிய கயிறு, உள்ளே கொஞ்சம் இரை, அவ்வளவுதான். சாயங்காலம் வைத்து விடியலில் எடுப்பார்கள். கிட்டிக்காரர் முதலில் வரப்பைத்தான் பார்ப்பார்: எலி ஓடிய தடம், வளை வாயில் புதுமண், கடித்துப் போட்ட தூர். இடம் தப்பினால் எப்பேர்ப்பட்ட கிட்டியும் வெறும் மூங்கில்தான். வேளாண் பல்கலைக்கழகமே தஞ்சாவூர்க் கிட்டியைப் பரிந்துரைக்கிறது. விஷம் வைத்தாலோ, அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து.

சம்பா நட்டிருப்பவர்களே, மருந்துக்கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர்க் கிட்டிக்காரரைக் கூப்பிடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.