கம்பளியும் பொறுமையும்

கம்பளி குளிர்நாட்டுச் செல்வம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் அதன் இயல்பை அறிந்தோர் சிலரே. கேமரன் மலைக்குச் செல்வோரும், கடல் கடந்து கல்வி கற்கச் செல்வோருமே அதனைத் தேடுவர். அவர்களிலும் பலர் பருத்தித் துணியைத் துவைப்பதுபோல் கம்பளியைத் துவைத்துவிட்டுப் பிறகு வருந்துவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. எண்பது வயதைக் கடந்த அவ்வம்மையார், லிவர்பூல் நகருக்கு அருகில் கிர்க்பி என்னுமிடத்தில், 1962இல் மூடப்படும்வரை இயங்கிய மலாயா ஆசிரியர் கல்லூரியில் பயின்றவர். அந்நாளில், விடுமுறைக்குத் தம் வீட்டில் இடமளித்த ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் தம் கையாலேயே பின்னித் தந்த கம்பளிக் கையுறைகளை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பேணி வந்தார். ஆனால், கேமரன் மலைப் பயணங்களில் கணவரின் பெரிய கைகள் புகுந்து புகுந்து, அவற்றின் விரல்களும் மணிக்கட்டுப் பட்டைகளும் தளர்ந்துவிட்டன. இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குச் செல்லவிருந்த பேத்தி அவற்றை அணிந்து பார்த்தாள். கையை உதறியதும் கையுறை கழன்று விழுந்தது.

"சுடுநீரில் போட்டு இயந்திரத்தில் சுழலவிட்டால் சுருங்கிவிடும், பாட்டி" என்றாள் அவள்.

"சுருங்கும், அம்மா. பிறகு விரியுமா?" என்று கேட்டார் பாட்டி.

அக்கேள்வியின் பொருளை அறியக் கம்பளியின் அமைப்பை அறிதல் வேண்டும். கம்பளி இழை, தலைமுடியைப் போலவே கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் 1930களில் ஊடுகதிர் கொண்டு அதனை ஆராய்ந்தார். இயல்பில் மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலி, இழையை இழுக்கும்போது நீள்கிறது. விட்டால் மீண்டும் மடிகிறது. ஈரமான கம்பளி இழை தன் நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீண்டாலும் மீளவல்லது. ஆகவே, தளர்ந்த கையுறை தன் பழைய வடிவை முற்றிலும் மறந்துவிடுவதில்லை. நீர் பட்டதும் அதற்கு நினைவு திரும்புகிறது.

மற்றொரு வகைச் சுருக்கமும் உண்டு. கம்பளி இழையின்மீது நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. ஈரமும் வெப்பமும் உராய்வும் ஒன்று சேர்ந்தால், இழைகள் ஒரு திசையாகவே நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பின்னல் தடித்துக் கெட்டிப்படும். அச்சிக்கலை அவிழ்க்க வழியில்லை. முன்னது மீளுதல், பின்னது இறுகுதல்.

இறுகுதலும் எப்போதும் தீமையன்று. ஐஸ்லாந்து மீனவர்களின் கையுறைகள் வேண்டுமென்றே பெரிதாகப் பின்னப்பட்டுப் பிறகு சுருக்கப்பட்டன. எவ்வளவு சுருங்கவேண்டும் என்பதை முன்னரே கணித்துச் செய்த வேலை அது. கணக்கின்றி இயந்திரத்தில் சுழலவிடுவது வேறு.

அம்மையார் முதலில் கையுறையின் உட்புறத்தில் தொங்கிய நூல்முனையைச் சிறிது வெட்டிக் கொளுத்தினார். முடி கருகும் மணம் எழுந்தது. சாம்பல் விரலில் உதிர்ந்தது. செயற்கை இழையாயின் உருகி மணியாகத் திரண்டிருக்கும். அதற்கு இம்முறை உதவாது. பின்னர், தடித்த அட்டையொன்றில் பேத்தியின் இரு கைகளையும் வைத்து விளிம்பு வரைந்துகொண்டார்.

குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு இளஞ்சூடான நீரில், குழந்தைகளுக்குரிய தலைகழுவும் நீர்மம் சில துளி கலந்தார். துணிச் சவர்க்காரத்தின் காரம் கம்பளிக்கு ஆகாது. கையுறைகள் கால்மணி நேரம் தேய்க்கப்படாமல் ஊறின. அதே சூடுள்ள நீரில் அலசி, துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை வாங்கினார், முறுக்கிப் பிழியவில்லை. கொடியில் தொங்கவிடவும் இல்லை. தொங்கவிட்டால் நீரின் எடையே மீண்டும் இழுத்து நீட்டிவிடும். அட்டைமேல் உலர்ந்த துவாலை விரித்து, கீழிருந்த கோட்டை நினைவில் கொண்டு, ஒவ்வொரு விரலையும் பக்கங்களிலிருந்தும் நுனியிலிருந்தும் மெல்ல ஒடுக்கி, மின்விசிறியின் கீழ்க் கிடத்தினார். நன்கு உலர இரண்டு நாள் ஆயிற்று.

விரல்கள் மீண்டுவிட்டன, பட்டைகள் மட்டும் தளர்ந்தே இருந்தன. அப்போதுதான் அவர் இரண்டாம் வழியைத் தொட்டார். இரு பட்டைகளையும் சேர்த்து, சற்றே கூடுதல் சூடுள்ள நீரில் நனைத்து, விரல்நுனியால் தேய்த்தார். அறுபது எண்ணியதும் நிறுத்தி அளந்து பார்த்தார். மூன்று முறை அவ்வாறு செய்து, மீண்டும் வடிவமைத்து உலரவிட்டார்.

"இன்னும் ஒரு முறை செய்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும், பாட்டி."

"ஒட்டவேண்டாம், அம்மா. கைக்கும் கம்பளிக்கும் நடுவே சிறிது காற்று நிற்கவேண்டும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுத்தான்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பிள்ளைகளோடு வாழ்ந்தவருக்கு அந்த அளவறிதல் புதிதன்று. தளர்ந்ததைத் திருத்த எந்நாளும் வாய்ப்புண்டு. அளவு மீறி இறுக்கிய பின் வருந்திப் பயனில்லை. அதனால் அவர் ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்தார். பேத்தியின் பயணப் பெட்டியில் அக்கையுறைகள் இடம்பெற்றன; அவற்றோடு அந்த அட்டையையும் அவர் மடித்து வைத்தார். அடுத்த முறை அவற்றைத் துவைக்க வேண்டியவள் பேத்தியல்லவா?