சுவரின் கனம்

போன வருட மே விடுமுறையில் ஒஹையோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது என்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. அக்கா மகள் கார் பந்தயத்துக்கு எஞ்சின் கட்டுகிறாள். அதை நிறுத்த வேண்டும். "நீ வாத்தியாரம்மா, நீ சொன்னாக் கேப்பா" என்றாள் அக்கா. மகளுக்கு இருபத்தாறு வயது. மெக்கானிக்கல் எஞ்சினியர். அவள் சம்பளத்தில் சேர்ந்த பணம் அக்காவின் கணக்கில் கல்யாண நகை. அவள் கணக்கில் 1972ஆம் வருடத்து செவ்ரொலே நோவா.

"சனிக்கிழமை பிளாக் பாக்கப் போறேன் சித்தி, வர்றீங்களா?" என்றாள். போகிற வழியில் பேசிவிடலாம் என்று கிளம்பினேன். வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

டிராக் பந்தயம் நேர்கோட்டில் கால் மைல் தூரம், 402 மீட்டர். அவள் இறங்க நினைப்பது 'ஸ்டாக்' என்னும் பிரிவில். தொழிற்சாலையிலிருந்து கார் எப்படி வெளியே வந்ததோ, பெரும்பாலும் அப்படியே ஓட்ட வேண்டும். எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். பந்தயத்துக்கென்றே கனத்த சுவரோடு வார்த்த புது பிளாக்குகள் கடையில் கிடைக்கின்றன. காசிருக்கிறது என்று அதை வாங்கிப் போட்டுவிட முடியாது. அந்த மாடலுக்கு உரிய வார்ப்பு எண் இருக்க வேண்டும், அல்லது சங்கம் ஏற்றுக்கொண்ட மாற்றாக இருக்க வேண்டும். சிலிண்டரை எவ்வளவு குடையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஜெயித்தவர்களின் எஞ்சினைப் பிரித்து அளந்தும் பார்ப்பார்கள்.

"வெண்பா மாதிரி இருக்குதே கண்ணு" என்றேன். கனிச்சீர் வரக்கூடாது, தளை தட்டக்கூடாது, கடைசி அடியில் மூன்று சீர்தான். அதற்குள்தான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் சிரித்தாள். "ஆமா. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சித்தி. ஆம்பளைக்கு ஒரு எடை, பொம்பளைக்கு ஒரு எடைன்னு கெடையாது." 1966இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் ஸ்டாக் கார் பிரிவில் வென்ற ஷெர்லி ஷாஹன் பற்றிச் சொன்னாள். அந்தச் சங்கத்தின் தேசியப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் பெண். பிறகு 1977, 1980, 1982 என மூன்று முறை டாப் ஃப்யூயல் சாம்பியனான ஷெர்லி மல்டவுனி. மகளிர் பிரிவு என்று தனியாக எதுவும் இல்லை. ஆண்களோடு அதே தடத்தில் ஓடி வாங்கிய பட்டங்கள்.

பட்டறையில் மூன்று பிளாக்குகளை எடுத்து வைத்திருந்தார்கள். மூன்றும் 350 கன அங்குல எஞ்சினுக்கு உரியவை. பின்புறம், கியர்பாக்ஸ் மாட்டும் விளிம்பில் 3970010 என்ற வார்ப்பு எண் புடைத்திருந்தது. பட்டறைக்காரர் கைகுலுக்கிவிட்டு அவளிடம் கேட்ட முதல் கேள்வி, எஞ்சினை யார் கட்டப்போகிறார்கள் என்பது. "நான்தான்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, முதல் பிளாக்கைக் காட்டினார். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மூடிகளுக்கு நான்கு போல்ட்டு வைத்தது. எல்லோரும் தேடுவது இதைத்தான், யோசிக்காமல் எடுத்துக்கொள் என்றார். ஏற்கெனவே அறுபது தௌ குடைந்தது என்பதைப் போகிற போக்கில் சொன்னார்.

தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டது. அப்பா கணபதியில் ஃபவுண்டரி வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு வார்ப்படம். பத்து வயதுவரை நான் அந்த மணலில்தான் விளையாடினேன். வயதுக்கு வந்த பிறகு, "உனக்கென்ன சாமி அங்க வேலை" என்று அம்மா நிறுத்திவிட்டாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. தம்பி போனான். ஃபவுண்டரி அவனுக்கு வந்தது. எனக்குத் தமிழ் வந்தது. தமிழ் எனக்குக் குறை வைக்கவில்லை; ஆனால் நானாகத் தேர்ந்தேன் என்று இத்தனை வருடம் மேடைகளில் சொல்லிவந்தது முழு உண்மையில்லை.

அவள் கையோடு கொண்டுவந்த அல்ட்ராசோனிக் மானியை எடுத்தாள். சிலிண்டரின் உள்சுவரில் பசையைத் தடவி, முனையை வைத்தால் சுவரின் கனம் எண்ணாக வரும். நான்கு போல்ட்டு பிளாக்கில் இரண்டு சிலிண்டர்களில் ஒரு பக்கம் 180 தௌ, எதிர்ப்பக்கம் 105. அவள் நிமிர்வதற்கு முன் என் வாய் முந்திக்கொண்டது.

"கோர் தள்ளிப்போயிருக்குது."

அப்பா தினமும் சொன்ன வாக்கியம். அச்சுக்குள் வைக்கும் மண் கோர், உருகிய இரும்பை ஊற்றும்போது இம்மி நகர்ந்தாலும், ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படி சித்தி?" "உங்க அப்புச்சி" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

இரண்டாவது, பெயின்ட் அடித்துப் பளபளத்தது. காந்தத் தூள் தூவிப் பார்த்ததில், ஒரு போல்ட்டு ஓட்டையிலிருந்து மயிரிழை போல விரிசல் ஓடியது. மூன்றாவது ஒரு பழைய பிக்கப் வண்டியிலிருந்து கழற்றியது. துரு, எண்ணெய்ப் பிசுக்கு, மூடிக்கு இரண்டே போல்ட்டு. ஒரு முறைகூடக் குடையாதது. எட்டு சிலிண்டரையும் சுற்றிச் சுற்றி அளந்தாள். எங்கும் 160க்குக் குறையவில்லை. பிஸ்டன் வேகமாக இறங்கும்போது ஒரு பக்கச் சுவரைத்தான் அழுத்தும். அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. முப்பது தௌ குடைந்தால் பக்கத்துக்குப் பதினைந்துதான் போகும். அதற்குப் பிறகும் இன்னொரு முறை குடைய இடம் இருக்கும்.

பட்டறைக்காரர் ஒப்பவில்லை. இரண்டு போல்ட்டு தாங்காது என்றார், என்னைப் பார்த்து. நான் பெரியவள், எடுத்துச் சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். அக்கா அனுப்பியதும் அதற்குத்தான். அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள்: இந்த வகுப்பில் இந்த எஞ்சின் எவ்வளவு சக்தி தரும், அதற்கு எத்தனை போல்ட்டு போதும். குரலை உயர்த்தவில்லை. விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நான் செய்தது ஒன்றுதான். குனிந்து அந்தத் துருப்பிடித்த பிளாக்குக்குள் கையை விட்டுத் தடவினேன். பிறகு அங்கே கிடந்த சின்னச் சுத்தியலால் தட்டினேன். அப்பா அப்படித்தான் வார்ப்பைச் சோதிப்பார். விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போகும். இது கணீரென்றது. பட்டறைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. முப்பது வருடம் கழித்து ஒரு வார்ப்படத்தின் ஓசையைக் கேட்டேன். என் விரல்களில் கருப்பு அப்பியிருந்தது.

இருவரும் சேர்ந்து தூக்க முடியாமல் திணறி, அவரும் வந்து கைகொடுத்து, பிளாக்கை வண்டியில் ஏற்றினோம்.

ராத்திரி அக்கா சமையலறையில் பிடித்துக்கொண்டாள். "என்னடி, எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்னே?"

"ரெண்டு போல்ட்டு பிளாக்கையே எடுத்துக்கச் சொன்னேன்."

அக்கா என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கருப்பு. கோபமாக ஏதோ சொல்ல வந்தவள், கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, முகர்ந்து பார்த்தாள். "அப்பா வாசம்" என்றாள். அவளையும் பதிமூன்று வயதில் நிறுத்தினார்கள்.